கட்டுப்பல்லும் பிளாஸ்மாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுப்பல், அதன் அடியில் வைக்கும் மென்படை, வேர்க்குழாய்க்குள் இறக்கும் நார்க்கம்பி என்று வாய்க்குள் போகிற பல பொருள்கள் பிளாஸ்ரிக் வகையைச் சேர்ந்தவை. இவை ஒன்றோடொன்று ஒட்டாமல் கழன்று வருவது யாழ்ப்பாணத்தில் பல் ஆய்வுகூட வேலை செய்யும் எங்களுக்குத் தீராத தலையிடி. அண்மைக் காலமாக “பிளாஸ்மா பிடித்தால் கழராதாமே?” என்று தொழில்நுட்பவியலாளர்களும் மாணவர்களும் கேட்கிறார்கள். கட்டுப்பல் போட்டிருக்கும் பெரியவர்களின் பிள்ளைகள்கூட இணையத்தில் வாசித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிளாஸ்மா என்றால் நெருப்பு மாதிரிச் சூடான ஒன்றா?

ஒரு வாயுவுக்குப் போதிய மின்சக்தி கொடுத்தால் அதன் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரியத் தொடங்கும். அப்படி இலத்திரன், அயன், மூலிகம் (பிணைப்பு உடைந்து, எதோடும் சேரத் துடிக்கும் துணுக்கு), புறவூதா ஒளி எல்லாம் கலந்து நிற்கும் வாயுதான் பிளாஸ்மா. மின்னலும் பிளாஸ்மாதான், ரியூப் லைற்றுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான். இந்தப் பெயரை 1928 இல் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர்.

மின்னல் பயங்கரச் சூடு. ரியூப் லைற்றையோ எரியும்போதே கையால் தொடலாம். பல் பொருள்களுக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது வகை, அதாவது குளிர் பிளாஸ்மா. அதில் இலத்திரன்கள் மட்டும் பத்தாயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலைக்குரிய சக்தியோடு ஓடித்திரியும். ஆனால் இலத்திரனின் திணிவு மிகச் சிறியது. கனமான வாயு மூலக்கூறில் மோதினாலும் அதைப் பெரிதாகச் சூடாக்காது. வாயு அறை வெப்பநிலைக்குக் கிட்டவே இருந்துவிடும்.

உபகரணம் இரண்டு விதம். ஒன்று, சிறிய பெட்டி மாதிரியான அறையிலிருந்து காற்றை உறிஞ்சி அமுக்கத்தைக் குறைத்து, கொஞ்சம் வாயுவை விட்டு மின்னிறக்கம் செய்வது. பெரும்பாலும் 13.56 மெகாஹேர்ட்ஸ் வானொலி அதிர்வெண்ணில் இயங்கும். மற்றது, பேனை போலக் கையில் பிடித்து, சாதாரண வளியமுக்கத்திலேயே பிளாஸ்மாவைப் பீச்சுவது.

இரத்தத்திலிருந்து எடுத்து முரசுக்குள் ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சை இதுவா?

இல்லை. அது இரத்தத்தின் திரவப் பகுதி. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பிளாஸ்மா பிடித்தால் பிளாஸ்ரிக்கில் என்ன நடக்கிறது?

மூன்று காரியங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது, மேற்பரப்பில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப்பசையும் சேதன அழுக்கும் சிதைந்து வாயுவாகப் போய்விடும். இரண்டாவது, பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பு மூலக்கூறுகளில் சில பிணைப்புகள் உடைந்து, அந்த இடங்களில் ஐதரொட்சைல், காபனைல், காபொட்சைல் போன்ற ஒட்சிசன் கொண்ட கூட்டங்கள் வந்து சேரும். இவை முனைவுத்தன்மை உள்ளவை. நீரையும் பசையையும் தங்கள் பக்கம் இழுக்கும். மூன்றாவது, பரப்பு நனோமீற்றர் அளவில் கொஞ்சம் கரடாகும்.

இதெல்லாம் நடப்பது மேலே உள்ள சில நனோமீற்றர் ஆழத்துக்குள் மட்டும். உள்ளே பொருள் அப்படியே இருக்கும். நிறம், வலிமை, அளவு எதுவும் மாறாது. பரப்பைக் கரடாக்கப் பாவிக்கும் மணல் வீச்சுக்கும் அமிலத்துக்கும் இல்லாத பெரிய வசதி இது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பிளாஸ்மா பிடிக்காத சிலிக்கோன் துண்டில் விட்ட சொட்டு, சேம்பிலையில் விட்ட தண்ணீர் மாதிரி உருண்டு திரண்டு நிற்கும். அதன் தொடுகைக் கோணம், அதாவது சொட்டின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம், 100 பாகைக்கு மேல். அதே துண்டை ஒட்சிசன் பிளாஸ்மாவில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, மறுபடி ஒரு சொட்டு விடுங்கள். விளிம்பு கரைந்ததுபோலச் சொட்டு தட்டையாகப் படர்ந்து போகும். சாதாரண அக்ரிலிக்கில் ஆரம்பக் கோணமே 70 பாகைக்கு அண்மையில்தான் என்பதால் மாற்றம் இவ்வளவு நாடகமாகத் தெரியாது. ஆனாலும் தெரியும்.

அம்மாவின் கட்டுப்பல்லிலிருந்து முன்பல் ஒன்று கழன்றுவிட்டது. பிளாஸ்மா பிடிக்காததால்தானா?

அநேகமாக இல்லை. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகத்தான் பதில் சொல்வேன், ஏனென்றால் பிளாஸ்மா பற்றிய மிகைக் கதைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கட்டுப்பல்லின் ரோசா நிறத் தளம் பி.எம்.எம்.ஏ. என்னும் அக்ரிலிக். அதில் வைக்கும் பல்லும் பெரும்பாலும் அதே குடும்பம். தளத்துக்கான மாவைப் பல்லின் அடியில் அழுத்தி வேகவைக்கும்போது, மாவில் உள்ள மொனோமர் என்னும் திரவம் பல்லின் அடிப்பகுதிக்குள் ஊறி, அதை வீங்கச் செய்து, உள்ளேயே பல்பகுதியமாக (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கொண்ட பிளாஸ்ரிக்காக) இறுகும். இரண்டு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இது பசை போட்டு ஒட்டுவதைவிட உறுதியான இணைப்பு. ஒழுங்காக நடந்தால் புழுக்கொடியல் கடித்தாலும் தாங்க வேண்டும். (கட்டுப்பல்லால் புழுக்கொடியல் கடிக்கச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கடிக்கிறார்கள் என்பதை நினைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.)

ஒழுங்காக நடக்காமல் போவதற்கு முதல் காரணம் மெழுகு. அச்சிலிருந்து மெழுகைக் கொதிநீரால் கழுவி எடுக்கும்போது பல்லின் அடியில் மெல்லிய படலம் தங்கிவிட்டால் மொனோமர் உள்ளே போகாது. அடுத்தது, சாந்தில் அக்ரிலிக் ஒட்டாமல் இருக்கப் பூசும் அல்ஜினேற்றுத் திரவம் பல்லின் அடியிலும் பட்டுவிடுவது. மூன்றாவது, யாழ்ப்பாணத்துக்கே உரியது: எங்கள் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருப்பவை, தண்ணீர் கடினநீர். அதைக் கொதிக்கவைத்து, அதே தண்ணீராலேயே கடைசியாகவும் அலசினால் பல்லின் அடியில் வெள்ளைப் பூச்சாக உப்பு காயும். கேத்திலின் அடியில் படியும் அதே உப்புத்தான். கடைசி அலசலுக்கு மட்டுமாவது காய்ச்சி வடித்த நீர் பாவியுங்கள் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வது இதற்காகத்தான்.

பிளாஸ்மா மெல்லிய சேதனப் படலத்தை எரித்துப் போக்கும். மெழுகுத் திட்டையோ கல்சியம் உப்பையோ போக்காது.

அப்படியென்றால் பிளாஸ்மா எங்கேதான் உண்மையில் தேவை?

மொனோமர் நுழைய மறுக்கும் இடங்களில். என் கணிப்பில் இந்த விஷயத்தின் சாரமே இதுதான்.

கணினி வழியாகக் கடையும் அக்ரிலிக் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் உயர் அமுக்கத்தில் இறுக்கப்பட்டவை. மிச்ச மொனோமர் குறைவு, நுண்துளை குறைவு. நோயாளிக்கு இது நல்லது. ஆனால் அதில் பல்லையோ மென்படையையோ ஒட்டுவது பழைய அக்ரிலிக்கைவிடக் கடினம். முப்பரிமாண அச்சில் வரும் தளங்களுக்கும் இதே சிக்கல், ஏனென்றால் அவற்றின் சங்கிலிகள் நெருக்கமாகக் குறுக்கே பிணைந்திருக்கும்.

சிலிக்கோன் மென்படை இன்னொன்று. தாடையெலும்பு தேய்ந்து, மேல்தோல் மெலிந்த முதியவர்களுக்குக் கடினமான அக்ரிலிக் குத்தும். அதனால் அடியில் மெத்தென்ற சிலிக்கோன் படை வைக்கிறோம். சிலிக்கோனுக்கும் அக்ரிலிக்குக்கும் இரசாயன உறவே இல்லை. இடையில் பூசும் பிறைமர்தான் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. விளிம்பில் கொஞ்சம் கிளம்பினால் போதும், அந்த இடுக்குக்குள் எச்சிலும் உணவும் போய் கண்டிடா என்னும் பூஞ்சை குடியேறும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பெரிய உபத்திரவம். அக்ரிலிக் பரப்புக்குப் பிளாஸ்மா பிடித்துவிட்டுப் பிறைமர் பூசினால் பிறைமர் சீராகப் பரவும், விளிம்பு கிளம்புவது குறையும் என்பதால்தான் ஆய்வாளர்கள் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள்.

அப்புறம் பொலியெதிலீன் நார். ஆடும் பற்களைச் சேர்த்துக் கட்ட இதை நாடாவாகப் பாவிக்கிறோம். பொலியெதிலீனில் எதுவுமே ஒட்டாது. அதனால் இந்த நாடாக்களில் நன்கு அறியப்பட்ட றிபொண்ட் போன்றவை தொழிற்சாலையிலேயே குளிர் பிளாஸ்மா பிடிக்கப்பட்டுத்தான் சந்தைக்கு வருகின்றன. பிளாஸ்மா ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி பல் வைத்தியரின் மேசைக்கு வந்துவிட்டது என்பதற்கு இது நல்ல உதாரணம். அதைப் பாவிக்கும்போது வெறும் விரலால் தடவாதீர்கள். விரலின் எண்ணெய் பட்டால் அந்தச் சிகிச்சையின் பலன் அவ்விடத்தில் போய்விடும்.

பீக் பற்றி ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

ஏனென்றால் பல் வேலைக்குப் பாவிக்கும் பல்பகுதியங்களில் ஒட்டுவதற்கு மிகவும் அடம்பிடிப்பது அதுதான். பீக், அதாவது பொலி ஈதர் ஈதர் கீற்றோன், 343 பாகை செல்சியசில்தான் உருகும். பெரும்பாலான கரைப்பான்களும் அமிலங்களும் அதை அசைக்காது. அதன் மீள்தன்மை மட்டு, அதாவது விறைப்பின் அளவு, 3 முதல் 4 கிகாபஸ்கால் வரை. தைத்தேனியத்துக்கோ 110 கிகாபஸ்கால் அளவில். அதனால் கடிக்கும்போது தாடையெலும்புக்குப் போகும் அதிர்ச்சி குறையும், பாரமும் குறைவு. உலோகச் சுவை வருகிறது என்று முறைப்படுபவர்களுக்கு நல்ல மாற்று. ஆனால் அதன் சாம்பல் அல்லது மங்கல் வெள்ளை நிறத்தை யாரும் முன்பல்லில் விரும்பமாட்டார்கள். மேலே பல் நிறப் பிசின் போர்த்த வேண்டும். அந்தப் போர்வை ஒட்ட மறுக்கிறது.

98 சதவீத சல்பூரிக்கமிலத்தில் ஒரு நிமிடமளவு வைத்தால் பீக்கின் பரப்பு கடற்பஞ்சு மாதிரித் துளைத்துப்போய் நன்றாக ஒட்டும். ஆனால் அந்தச் செறிவில் அமிலத்தைச் சின்ன லாப்பில் வைத்திருப்பது பேராபத்து. நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 50 அல்லது 110 மைக்கிரோமீற்றர் அலுமினா மணல் வீச்சு பாதுகாப்பான வழி. பிளாஸ்மா மூன்றாவது வழி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்மா மட்டும் பிடித்துவிட்டுப் பிசினை நேரே பூசினால் பீக்கில் நம்பத்தக்க பிணைப்புக் கிடைக்காது. மெதைல் மெதக்கிரிலேற்று கொண்ட பிணைப்புத் திரவம் கட்டாயம் இடையில் வேண்டும். மணல் வீசி, சுத்தம் செய்து, பிளாஸ்மா பிடித்து, உடனே அந்தத் திரவத்தைப் பூசி, ஒளியால் இறுக்கி, பிறகுதான் பிசின்.

எந்த வாயு நல்லது?

ஒட்சிசன் வேகமாக வேலை செய்யும், முனைவுக் கூட்டங்களை நேரடியாகச் சேர்க்கும். அதே வேகத்தில் பரப்பை அரிக்கவும் செய்யும். ஆகன் அரிப்பு குறைவு. அது பிணைப்புகளை உடைத்து மூலிகங்களை விட்டுச் செல்லும், வெளியே எடுத்தவுடன் வளியிலுள்ள ஒட்சிசன் அவற்றில் ஏறிக்கொள்ளும். நைதரசனும் அமோனியாவும் அமைன் கூட்டங்களைச் சேர்க்கும். வெறும் வளியும் வேலை செய்யும். சிறிய இடத்தில் தொடங்குபவர்களுக்கு வளி அல்லது ஆகன் போதும்.

எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்? கூடப் பிடித்தால் கூட ஒட்டுமா?

ஒட்டாது, குறையும். செக்கன்கள் தொடங்கிச் சில நிமிடங்கள் வரைதான் வழக்கம். சரியான நேரம் உபகரணத்தின் வலு, அமுக்கம், தூரம் எல்லாவற்றையும் பொறுத்தது. அளவுக்கு மிஞ்சினால் பரப்பிலுள்ள நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, கீழே உள்ள பொருளோடு சரியாகப் பிடிப்பில்லாத தளர்ந்த படையாகக் கிடக்கும். பசை அந்தத் தளர்ந்த படையில் அழகாக ஒட்டும். படை பசையோடு சேர்ந்து உரிந்து வரும். தண்ணீர்ச் சொட்டு நன்றாகப் பரவியும் பிணைப்பு பலவீனமாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சூட்டில் கட்டுப்பல் வளைந்துவிடாதா?

அக்ரிலிக் மென்மையாகத் தொடங்குவது 105 பாகை செல்சியஸ் அளவில். குளிர் பிளாஸ்மா சாதாரணமாக அதை எட்டாது. பேனை வகையை ஒரே இடத்தில் அசையாமல் மிக அருகே பிடித்தால் மட்டும் கவனம். மெல்லிய விளிம்புகள்தான் முதலில் கெடும்.

இன்று பிடித்துவிட்டு நாளைக்கு ஒட்டலாமா?

இயன்றவரை வேண்டாம். பிளாஸ்மா கொடுத்த முனைவுக் கூட்டங்கள் நிரந்தரமாக மேலே நிற்பதில்லை. சங்கிலிகள் மெல்லப் புரண்டு அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், வளியிலுள்ள அழுக்கும் வந்து படியும். பரப்பு பழையபடி நீரை வெறுக்கத் தொடங்கும். சங்கிலிகள் எவ்வளவு சுலபமாக அசையுமோ அவ்வளவு விரைவில் இது நடக்கும். சிலிக்கோனின் சங்கிலிகள் அறை வெப்பநிலையில் தாராளமாக அசைபவை, அதனால் சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியும். அக்ரிலிக்கும் பீக்கும் அறை வெப்பநிலையில் இறுகிய நிலையில் இருப்பவை, அவை மெதுவாகத்தான் திரும்பும்.

சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழ் இருக்கும் லாப் என்றால் சிலிக்கோன் விஷயத்தில் இன்னும் அவசரப்பட வேண்டும். பிறைமர்ப் போத்தலைத் திறந்து, தூரிகையை எடுத்து, எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகே மெசினைப் போடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய லாப்புக்கு இந்த மெசின் வாங்குவது புத்தியா?

நாளாந்த வேலை வேகவைத்த அக்ரிலிக் கட்டுப்பல்தான் என்றால் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல நீராவிக் கழுவியும், மணல் வீச்சுப் பெட்டியும், காய்ச்சி வடித்த நீருக்கான ஏற்பாடும் செய்தால் கழன்று வரும் பற்கள் கூடுதலாகக் குறையும். பீக் வேலையும் கடைந்த தளங்களும் மென்படைகளும் ஒழுங்காக வரத் தொடங்கினால் அப்போது யோசியுங்கள்.

வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: மின்சாரம் திடீரென்று நின்றால் வெற்றிடப் பம்பியின் எண்ணெய் அறைக்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா? எண்ணெய்ப் பம்பி வெற்றிடத்தோடு நின்றுவிட்டால் எண்ணெய் பின்னோக்கி ஏறலாம். சுத்தம் செய்ய வைத்த பொருளில் எண்ணெய் பூசியதாக முடியும். 2022 இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. எண்ணெயில்லாப் பம்பி என்றால் இந்தக் கவலையே இல்லை.

மெசின் இல்லாமல் ஏதாவது செய்யலாமா?

நிறையச் செய்யலாம். உடைந்த அக்ரிலிக்கைப் பழுதுபார்க்கும்போது, ஒட்டும் பரப்பை மொனோமரால் 180 செக்கன் நனைத்து வைத்திருப்பது பணச் செலவேயில்லாத நல்ல வழி. பலர் ஒரு தடவை தூரிகையால் தடவிவிட்டு உடனே மாவை வைக்கிறார்கள். அந்த மூன்று நிமிடத்துக்குள்தான் பரப்பு கரைந்து வீங்கி, புதிய சங்கிலிகளுக்கு இடம் விடுகிறது. பல்லின் அடியில் உள்ள மினுக்கத்தை உராய்ந்து எடுப்பதும், சிறிய தவாளிப்பு வெட்டுவதும் உதவும். மணல் வீசினால் பிறகு தூசியை முழுவதும் போக்குங்கள்.

கழன்ற பல்லை வீட்டில் சூப்பர் குளூவால் ஒட்டினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். அது வாயின் ஈரத்தில் நாளடைவில் சிதையும், நொறுங்கும் தன்மையுள்ளது, பல்லும் சரியான இடத்தில் உட்காராது. எங்களிடம் கொண்டு வரும்போது காய்ந்த பசையை உராய்ந்து எடுக்க நல்ல அக்ரிலிக்கும் சேர்ந்து போய்விடுகிறது. கழன்ற பல்லை ஒரு சின்னப் பையில் போட்டுக் கட்டுப்பல்லோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். பெரும்பாலும் சுலபமான வேலைதான்.

பிளாஸ்மா பிடித்த கட்டுப்பல்லைப் போடுவது உடம்புக்குக் கூடாதா?

போடுபவருக்கு ஒன்றுமில்லை. கதிர்வீச்சோ வாயுவோ அதில் தங்கியிருக்காது. மெசினோடு வேலை செய்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒட்சிசனோ வளியோ பாவித்தால் ஓசோன் உண்டாகும், அது மூச்சுக்குழாயை எரிக்கும். புகை வெளியேற்றி இல்லாத மூடிய அறையில் இயக்கக்கூடாது. புறவூதா ஒளியையும் நேரே பார்க்கக்கூடாது.

இதில் ஆய்வுத்திட்டம் செய்ய ஆசை. எப்படித் தொடங்கலாம்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலோ இரசாயனவியலோ படிக்கும் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது உண்மையில் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியப் பீடம் இல்லாததால் பேராதனையில் உள்ளவர்களோடு சேர்ந்து செய்வது நல்லது.

தொடுகைக் கோணத்தை மட்டும் அளந்துவிட்டு “ஒட்டல் கூடிவிட்டது” என்று எழுதாதீர்கள். நனைவது ஒன்று, ஒட்டி நிற்பது வேறு. பிணைப்பை வெட்டு விசையால் உடைத்துப் பார்க்க வேண்டும். பல்பகுதியப் போர்வைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 10477 நியமம் குறைந்தது 5 மெகாபஸ்கால் கேட்கிறது. அதுவும் செய்த கையோடு உடைத்தால் எல்லாம் நல்ல எண்ணிக்கையாகத்தான் வரும். 5 பாகைத் தண்ணீருக்கும் 55 பாகைத் தண்ணீருக்கும் ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றி அமிழ்த்திய பின் உடைத்துப் பாருங்கள். குளிர்ந்த சர்பத்தும் கொதிக்கும் தேநீரும் மாறி மாறிப் படும் வாயில்தான் அந்தப் பொருள் இருக்கப்போகிறது. மணல் வீச்சு மட்டும், பிறைமர் மட்டும், பிளாஸ்மா மட்டும், இவற்றின் சேர்க்கைகள் என்று தனித்தனிக் குழுக்கள் வேண்டும். எதுவும் செய்யாத குழுவை மறக்கக்கூடாது.

உடைந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். பல்லைத் தளத்தில் ஒட்டிய மாதிரிகள் என்றால் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பல்லின் அடியைப் பாருங்கள். அது வழுவழுவென்று வெறுமையாக இருந்தால் இணைப்பே விட்டுப்போயிருக்கிறது. ரோசா அக்ரிலிக் பிய்ந்து அதில் ஒட்டிக்கொண்டிருந்தால், இணைப்பு தாங்கி நிற்கத் தளம்தான் முறிந்திருக்கிறது. இரண்டும் ஒரே மெகாபஸ்காலில் உடைந்திருந்தாலும் அட்டவணையில் தனித்தனி நிரல்களில் எழுதுங்கள்.